என் கையால் எடுக்காத போத்தல்

நிலத்தடி நீரை ஆராயும் ஒரு குழுவில் நான் வேலை செய்கிறேன். எங்கள் ஆய்வுகூடம் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் பெரிய விஞ்ஞானிகள். உண்மையில் நான் செய்வது வீடு வீடாய்ப் போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளி, போத்தலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று அளப்பது.

அந்த முறை எங்களுக்குக் கிடைத்த வேலை உப்புவெளிக்கு வடக்கே கடற்கரையோரமாக உள்ள கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு என்று பார்ப்பது. அந்தப் பக்கம் மணல் நிலம். வெங்காயத் தோட்டங்களுக்குப் போடுகிற உரம் மணலுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் சேரும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பெரிய ஆட்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் மூச்சைச் சுமக்க முடியாததாகிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இதைப் படம் கீறிக் காட்டி எத்தனை தாய்மாருக்கு நான் விளக்கம் சொல்லியிருப்பேன்! நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லேபிளில் கையெழுத்து வைக்கிறவர்தான் தண்ணீரை அள்ளவேண்டும். வாளியைத் தானே இறக்கி, அதே தண்ணீரால் போத்தலை மூன்று தரம் அலசி, பிறகுதான் நிரப்பவேண்டும். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவள். ஒரு நாள் எங்கள் டிரைவர் பாவம், எனக்கு உதவி என்று நினைத்து ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தார். அவர் கண் முன்னாலேயே அதை நிலத்தில் ஊற்றிவிட்டு, "அண்ணன், நீங்க வாகனத்தைப் பாருங்கோ, தண்ணியை நான் பாக்கிறன்" என்றேன். மனுஷன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தக் கிணறுகளில் ஒன்று என் தங்கச்சி வீட்டுக் கிணறு. வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டம். அவளுக்கு அப்போது மகன் பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கடுமையான காய்ச்சல் வந்து, மருந்து எடுத்து, தாய்ப்பால் வற்றிப்போனது. பால்மாதான் வழி என்று ஆனவுடன் அவள் எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, எங்கட கிணத்துத் தண்ணியை நீ சோதிச்சுச் சொல்லு. நீ ஓம் எண்டாத்தான் பிள்ளைக்குக் கரைப்பன்" என்றாள். அதுவரைக்கும் கான் தண்ணீரில் சமாளித்துக்கொண்டிருந்தாள். கான் தண்ணீர் என்பது மெசினில் வடிகட்டி, நீலக் கானில் அடைத்து வண்டியில் கொண்டுவந்து தருவது. அவளுடைய மாமனாருக்குச் சிறுநீரகத்தில் வருத்தம், அவருக்காக வாங்கி வைப்பது அது.

நான் போன நாள் நல்ல வெயில். அது பதினோராவதோ பன்னிரண்டாவதோ வீடு. முதுகு உளைந்தது. தங்கச்சி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தங்கமான பிள்ளை, சீனன்குடாப் பக்கம் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. நான் பெட்டியைத் திறக்க முந்தியே ஓடிவந்து போத்தலைப் பறித்தான்.

"அக்கா, நீங்க கதிரையில இருங்கோ. முகம் கறுத்துப் போச்சு. நான் எடுத்துத் தாறன்."

"இல்லைத் தம்பி, நான்தான் எடுக்கோணும்."

"இது என்ன, பிறத்தியார் வீடா? உங்கட வீடு. பிள்ளையை வைச்சிருங்கோ."

பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டான். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. நான் இருந்துவிட்டேன். டிரைவரிடம் அவ்வளவு சட்டம் கதைத்தவள், தங்கச்சி வீட்டில் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தேன். அவன் பின்பக்கம் போய்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தான். நான் லேபிளில் 'கிணறு' என்று எழுதி, நேரத்தைப் போட்டு, மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தை வைத்தேன்.

நைத்திரேற்றை நாங்கள் தள்ளிப்போடுவதில்லை, அடுத்த நாளே அளப்போம். மற்றச் சோதனைகள் பிறகு ஆறுதலாக நடக்கும். தங்கச்சியின் போத்தலில் நைத்திரேற்று இல்லை என்றே சொல்லலாம். சுற்றவர உள்ள கிணறுகள் எல்லாம் மோசமாக இருக்க, இது மட்டும் இப்படி வந்ததே என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. கடவுள் கண் திறந்தார் என்று சந்தோஷப்பட்டேன். உடனே போன் எடுத்து, "உன்ர கிணறு சோக்கான கிணறடி. வடிவாக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டுக் குடு. பயப்பிடாதை" என்றேன். அவள் அழுதேவிட்டாள். அன்றைக்கே கான் தண்ணீரை மாமனாருக்கு ஒதுக்கிவிட்டு, கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்கத் தொடங்கினாள்.

இரண்டு கிழமை போனது. இடையில் அவள் போனில் பிள்ளையின் படங்கள் அனுப்புவாள். ஒரு படத்தில் பிள்ளை கொஞ்சம் கறுத்து, உதடு ஒரு மாதிரியாய் இருந்தது. "என்னடி, நாவற்பழம் சாப்பிடக் குடுத்தனீயோ?" என்று பகிடி விட்டேன். "போக்கா, தகப்பன்ட நிறம் வருதாம். மாமிக்கு நல்ல புளுகம், ஒரே சந்தோஷம்" என்றாள். "அப்ப இனி முகத்துக்குப் பவுடர் பேணி பேணியா வாங்கோணும்" என்று சொல்லி நான் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனுஷர். எல்லாச் சோதனைகளும் முடிந்து, எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, இஞ்ச வாங்க. இந்தத் தண்ணி எங்கால எடுத்த?"

"எங்கட தங்கச்சி வீட்டுக் கிணறு, சேர்."

"கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற கிணறு. உப்பு இல்ல. சுண்ணாம்பு இல்ல. மழத்தண்ணில கூட இதவிட ஏதாச்சும் இருக்கும். இது கிணத்துத் தண்ணி இல்ல, புள்ள. மெசின்ல வடிச்ச தண்ணி." பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "நீங்கதானே எடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் வெளியில் ஓடிவந்து தங்கச்சியின் புருஷனுக்குப் போன் எடுத்தேன். ஆலைச் சத்தத்துக்குள் நின்று கதைத்தான்.

"தம்பி, அண்டைக்குப் போத்தலில என்ன தண்ணி விட்டனீங்க?"

"ஏன் அக்கா? கானில இருந்துதான் விட்டனான்."

"கிணத்துத் தண்ணி இல்லையா?"

"அந்த உப்புக் கயர்த் தண்ணியையா? என்னக்கா நீங்க, வீட்டுக்கு வந்து தண்ணி கேக்கிற ஆக்களுக்கு அதையா குடுக்கிறது? நீங்க ஒபிஸ் ஆக்கள் எல்லாம் பாக்கிற தண்ணி. எங்கட வீட்டைப் பற்றி என்ன நினைப்பினம்?"

அவனில் என்ன பிழை? எங்கள் ஊரில் படலையில் நின்று தண்ணீர் கேட்பவருக்கு வீட்டில் உள்ளதில் நல்ல தண்ணீரைத்தான் கொடுப்போம். கானில் அடியில் கிடந்ததைச் சரித்து, மாமனாரின் பங்கில் எனக்கு ஊற்றியிருக்கிறான். நான் போனில் நல்ல செய்தி சொன்ன நேரம் அவன் ஷிப்டில் நின்றான். பிறகு, கிணறு நல்லது என்று நான் சொன்னதை அவள் சொல்லிக் கேட்டபோது, அந்தப் போத்தலை அவன் மறந்தே போயிருந்தான்.

தங்கச்சிக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தேன், திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. பிள்ளையோடு படுத்திருப்பாள் என்று மனதுக்குச் சொன்னேன். மனம் வேறு ஒன்றைச் சொன்னது. அதை எழுதமாட்டேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். டவுனுக்குள் நடுறோட்டில் ஒரு மான் நின்றது. எங்கள் ஊர் மான்களுக்கு ஒரு பயமும் இல்லை, மாடு போல நிற்கும். "போ, நாசமாப் போவாய், போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உப்புவெளி தாண்டி, சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று அடித்துத் தள்ளியது. ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால், எத்தனை நாள் என்று தலை கணக்குப் போட்டது. நான் வேண்டாம் என்றாலும் அது நிற்கவில்லை. ஒவ்வொரு போத்தலும் நன்றாகக் கொதித்து, நன்றாக வற்றியது. நான்தான் அப்படிக் கொதிக்க வைக்கச் சொன்னேன்.

வீட்டுக்குள் ஓடினேன். தங்கச்சி கட்டிலில் இருந்தாள். போன் குசினியில் கிடந்து அடித்திருக்கிறது. பிள்ளை அவள் மடியில், போத்தல் அவள் கையில்.

"வாக்கா, என்ன இந்த நேரம்? இவன் காலமை தொடக்கம் பால் குடிக்கிறானில்லை. ஒரே நித்திரை."

போத்தலைப் பறித்து முற்றத்துக்கு எறிந்தேன். பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உதடு, நகம், காதுமடல் எல்லாம் சாம்பல் கலந்த நீலம். தூக்கினபோது கை இரண்டும் தொங்கியது. அழவில்லை. இரண்டு கிழமைக்கு முன் என் விரலை இறுக்கிப் பிடித்த பிள்ளை.

"என்னக்கா? என்னெண்டு சொல்லு!"

"ஆசுப்பத்திரிக்கு வா. வழியில சொல்லுறன்."

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏறினோம். வழியில் நான் சொல்லவில்லை. பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன். சில இடங்களில் விரலில் ஒன்றும் படவில்லை. ஓட்டோ குலுங்குவதால்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசுப்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். நேர்ஸ் மிஸ்ஸியின் கையில் இருந்த ஊசிக்குள் இரத்தத்தைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, கோப்பி போல மண்ணிறம். "தண்ணிதான், டொக்டர். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு, நைத்திரேற்று" என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மருந்தின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டார். எங்களை வெளியில் நிற்கச் சொன்னார்கள். வாங்குப் பலகையில் குந்தி, தங்கச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கான், கிணறு, கதிரை, என் கையெழுத்து. அவள் எழும்பிப் போய்க் கதவுக் கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏசியிருந்தால், அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

பின்னேரம் டொக்டர் வந்தார். மருந்து வேலை செய்யுது, நிறம் திரும்புது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தன்னாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறெண்டு தெரியும்தானே? ஆர் சொன்னது உங்களுக்கு, இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமெண்டு?"

வேலை போகும், பத்திரிகையில் வரும், ஊர் காறித் துப்பும். எல்லாம் ஒரே நொடியில் வந்து போனது.

"ஒருத்தரும் சொல்லேல்லை, டொக்டர்," என்றாள் தங்கச்சி. "நாங்களாத்தான் குடுத்தம்."

நான் பேசாமல் நின்றேன். இதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய கோழைத்தனம். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, படிக்காத சனங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஏச்சு முழுவதும் அவளுக்குப் போனது.

மறுநாள் பொறுப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "வேற எந்தெந்த வீட்ல நீங்க எடுக்கல்ல?" என்று மட்டும் கேட்டார். வேறு இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகும் நித்திரை வரவில்லை. வேறு ஒரு வீட்டிலாவது களைத்துப்போய் வாளியை யாரிடமாவது கொடுத்தேனா? சத்தியம் பண்ணச் சொன்னால் என்னால் பண்ண ஏலாது. அதனால் எல்லாக் கிணறுகளுக்கும் திரும்பப் போனேன். தங்கச்சி வீட்டுக் கிணற்றில் நானே வாளியை இறக்கி எடுத்தேன். அதன் அளவைப் பார்த்தபோது, பிள்ளை இத்தனை நாள் தாங்கினது எப்படி என்று விளங்கவில்லை.

பிள்ளையை வீட்டுக்கு விட்ட நாள் காலையில், பால் கரைக்கத் தண்ணீர் நான் கொண்டுபோனேன். கானில் இருந்து என் கையால் எடுத்தது. நைத்திரேற்றை இரண்டு தரம் அளந்து, மற்ற எல்லாவற்றையும் அளந்து, பொறுப்பாளரையும் பார்க்கச் சொல்லி, மூடி இறுக்கிக் கொண்டுபோனது. வார்டில் கட்டில் ஓரத்தில் இருந்து தங்கச்சி அதில் பாலைக் கரைத்தாள். போத்தலைக் குலுக்கினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். மற்றத் தாய்மார் எல்லாம் தங்கள் பாட்டில் இருந்தார்கள். பிள்ளையின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. முந்தி எப்படிக் கேட்டாளோ அதே மாதிரித்தான் கேட்டாள்.

"குடுக்கட்டா, அக்கா?"

அந்தத் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அளவுகள் எல்லாம் மனப்பாடம். அப்படியிருந்தும் ஓம் என்று சொல்ல என்னால் ஏலவில்லை. அவள் போத்தலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பசியில் வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.