கௌரியின் கொம்பு

என் சித்திக்கு ஆப்பிரிக்காவில் வேலை. அதை அவள் ஜோகுபாளையத்தில், எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. ‘ரீல் விடாதடி’ என்றார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, எனக்கே அது பாதி கனவு மாதிரிதான் இருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். ஊரின் இன்னொரு மூலையில், அடுகோடியில், கீழே கார் பட்டறையும் மேலே கண்ணாடிச் சுவருமாக நின்ற ஒரு கட்டடத்தில் அவளுடைய கம்பெனி. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் கம்பங்களில் கேமரா கட்டியிருப்பார்கள், அதன் படம் இங்கே வரும். விடிய விடிய அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொம்புக்காகக் காண்டாமிருகத்தைச் சுட்டுக் கொல்கிறவர்கள் வேலி தாண்டி வந்தால், அங்கிருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே சொல்ல வேண்டும். காவலர்கள் துப்பாக்கியோடு ஓடுவார்கள். ‘வயசுப் பொண்ணு ராத்திரில கேப்ல போறதாவது’ என்று மாமா ஆடிய ஆட்டத்தில், மேனேஜர் மனமிரங்கி வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார். மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தாத்தா பாட்டி காலமான பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

காலையில் கண் விழித்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு போய் சித்தியின் நாற்காலியோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். நமக்கு விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் அங்கே விடியும். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போவாள். உள்ளே, திரையில், இன்னும் இருட்டு கலையாத புல்வெளியில் ஒரு தண்ணீர்க் குட்டை மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கும். பெயர் தெரியாத பறவைகள் சித்தியின் ஹெட்போனுக்குள் கத்தும். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும். எது எந்த ஊர்ச் சத்தம் என்று தெரியாத அந்தத் தூக்கக் கலக்கத்தில், இரண்டு காலைகளுக்கு நடுவில் நான் மிதந்துகொண்டிருப்பேன். அந்தச் சுகம் பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்தக் குட்டைக்குத்தான் கௌரி வருவாள். காப்பகத்துக்காரர்கள் அவளுக்கு ஏதோ நம்பர் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் வரும் கௌரி ஹப்பா பண்டிகையன்று நான் முதல்முதலாகப் பார்த்ததால் அவள் கௌரி. கூடவே அசட்டு ஓட்டம் ஓடிவந்த குட்டி கணேசா. வேறென்ன பெயர் வைக்க முடியும். கௌரியின் கொம்பு நீளமானது, நுனியில் லேசாகப் பின்னுக்கு வளைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவள் தலையைத் தூக்கும்போது அந்தக் கொம்புதான் முதலில் வெளிச்சத்துக்கு வரும். சித்தி திரையில் அதை விரலால் தொடுவாள். “என்னா கெத்து பாரு இவளுக்கு” என்பாள். அவளுக்குக் கௌரியின் மேல் அப்படி ஒரு பிரியம்.

அந்த வருஷம் சித்திக்கு ஒரு வரன் வந்தது. பையன் பொம்மனஹள்ளியில், ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகம் அமோகமாகப் பொருந்துகிறது என்றார் மாமா. சித்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டோவை இரண்டு தரம் பார்த்ததை நானே பார்த்தேன். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “வேலைய மட்டும் விடச் சொல்லக் கூடாதுக்கா. அத முன்னாடியே பேசிடச் சொல்லு அண்ணங்கிட்ட.” அம்மா போய்ச் சொன்னதற்கு மாமா, “பேசிக்கலாம், பேசிக்கலாம்” என்றார். மாமா இரண்டு தரம் சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தி அதற்காகக் கவலைப்பட்டாள். நான் கல்யாணத்துக்குக் கிடைக்கப்போகும் ஜரிகைப் பாவாடைக்காகச் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். சித்திக்கு வேலை முடியுமுன்னரே வந்துவிட்டார்கள், ஏனென்றால் மாமா நல்ல நேரம் பார்த்திருந்தார். கொஞ்சம் தள்ளி வரச் சொல்லக் கூடாதா என்று சித்தி கெஞ்சியதற்கு, அப்புறம் எமகண்டம், அதை விட்டால் ராகு காலம், ஆப்பிரிக்காக்காரனுக்காகப் பஞ்சாங்கத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டார். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கோ காய்ச்சல், மாற்றிவிட ஆள் இல்லை. ஆக, பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாகச் சித்தி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காபி கொடுக்கக் கூப்பிட்டபோது என்னைத் தன் நாற்காலியில் ஏற்றினாள்.

“அஞ்சே நிமிஷம், பாப்பா. கண்ணை எடுக்காத. மனுஷங்க யாராவது தெரிஞ்சா மட்டும் ஓடியா.”

ஆப்பிரிக்கா முழுவதையும் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டு அவள் ஹாலுக்குப் போனாள். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. புல்லெல்லாம் பொன்னிறம். கௌரி நின்றிருந்தாள். திடீரென்று புழுதி கிளம்பியது. குட்டைத் தண்ணீர் நடுங்கியது. கௌரி நாலடி ஓடினாள், கால் பின்னியது, நல்ல தூக்கம் வந்த குழந்தை மாதிரி மெல்ல மடிந்து உட்கார்ந்து சாய்ந்துவிட்டாள். புழுதிக்குள்ளிருந்து மனிதர்கள் வந்தார்கள். ஒருவன் அவள் கண்ணில் துணியைக் கட்டினான். இன்னொருவன் கையில் ரம்பம் வைத்த மிஷின். கணேசா சுற்றிச் சுற்றி ஓடினான். நான் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினேன்.

“சித்தி, கௌரியக் கொல்றாங்க.”

நான் ஹாலில் போய் நின்று இதைச் சொன்னபோது, சித்தி காபித் தட்டோடு மாப்பிள்ளை முன்னால் குனிந்திருந்தாள். தட்டை அப்படியே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். பாவம், அந்த மனுஷர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தட்டோடுதான் எல்லோருக்கும் பின்னால் நடு அறைக்குள் வந்தார். மல்லிகைப்பூவின் மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு சித்தி இங்கிலீஷில் பேசினாள். எத்தனையாவது கேமரா, எத்தனை ஆட்கள், குட்டி எந்தப் பக்கம் என்று கடகடவென்று அடுக்கினாள், உடனே ஆளை அனுப்பு என்று அதட்டினாள். மாமாவுக்கு முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாத என் சித்திக்கு இப்படி ஒரு குரல் எங்கே இருந்தது என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். பயத்துக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது. மாமா மட்டும், “இந்த வரன் கெட்டுது போ” என்று அம்மா காதில் முனகினார்.

மறுமுனையில் யாரோ நிதானமாக ஏதோ சொன்னார்கள். சித்தியின் தோள் தளர்ந்தது.

“நம்ம ஆளுங்கதானாம். டாக்டருங்க” என்றாள் எங்களிடம். “ஹெலிகாப்டர்ல வந்து மயக்க ஊசி போட்டிருக்காங்க. கொம்ப அவங்களே எடுத்துடறாங்க. கொம்பு இல்லேன்னா சுட வரமாட்டான்ல, அதுக்காக. விஷயம் வெளில போயிடக் கூடாதுன்னு முன்னாடி யாருக்கும் சொல்லலையாம்.”

எல்லோரும் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். ரம்பம் சுற்றியது. வெள்ளையாகத் தூள் பறந்தது. சத்தத்தைச் சித்தி நிறுத்திவிட்டிருந்தாள்.

“ஐயோ, வலிக்காதாம்மா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“நகம் வெட்டற மாதிரிதான் ஆன்ட்டி. வலிக்காதுன்னு சொல்றாங்க.”

“அப்ப நல்லதுதானே செய்றாங்க. இனிமே அது பாட்டுக்கு நிம்மதியா மேயும்.”

அந்த அம்மாள் கெட்டவரில்லை. சித்தியின் தலையை வருடிக்கொடுத்து, ஒரு மிருகத்துக்கு இப்படித் துடிக்கிற பெண் நம் வீட்டுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மாமாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. ஹாலில் மறுபடி உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடும்போது, அந்த அம்மாள் மிகவும் மெதுவாக இன்னொன்றும் சொன்னார். “இந்த ராத்திரி முழிக்கிற வேலைதான் வேணாம்னு தோணுது. உடம்பு என்னாத்துக்கு ஆகும், கண்ணு? நாலு பேரு நாலு விதமா பேசவும் வேணாம்.” மாப்பிள்ளையும் தலையாட்டினார். சித்தி அம்மாவைப் பார்த்தாள், அம்மா மாமாவைப் பார்த்தாள். “அதுக்கென்னங்க” என்றார் மாமா. “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கும். அதோட நல்லதுக்குத்தான சொல்றீங்க.”

“நான் யோசிச்சு…” என்று சித்தி ஆரம்பித்தாள். யாரோ கேசரி கேட்டார்கள். அம்மா அவளைத்தான் அனுப்பினாள்.

நான் ஹாலை விட்டு நடு அறைக்கு வந்துவிட்டேன். கௌரி எழுந்து நின்றிருந்தாள். கொம்பு இருந்த இடத்தில் ஒரு தட்டையான மேடு. தலையைத் தூக்கினாள், வெளிச்சம் பட ஒன்றுமில்லை. கணேசா கிட்டே வந்து, மோந்து பார்த்து, சந்தேகமாகப் பின்வாங்கி, பிறகு மனசு கேட்காமல் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டான். புல்லில் பனி இன்னும் காயவில்லை. இரண்டும் மெதுவாக நடந்து படத்தைவிட்டு வெளியே போய்விட்டன. நான் அழுதேன். சித்தி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது. அவளும் அழுதுகொண்டிருந்தாள். கௌரிக்காகத்தான் என்று நினைத்து, நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

ஆடி கழிந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளன்று, சித்தி அதைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றெல்லாம் ஒரே கவலைதான். கேட்டுவிட்டேன்.

“கௌரிக்குக் கொம்பு மறுபடி வளருமா, சித்தி?”

சித்தி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“வளரும், பாப்பா. அது வளர்ந்துட்டேதான் இருக்கும். வளர வளர வந்து வெட்டிட்டுப் போவாங்க. எல்லாம் நல்லவங்கதான்.”

எனக்கு முதல் வார்த்தை போதுமானதாக இருந்தது. ‘வளருமாம், வளருமாம்’ என்று அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்கு ஓடினேன்.