ரகரத்தின் வாலை நறுக்கியவன்

தவறு செய்தேன். ரகரத்தின் வாலை ஒட்ட நறுக்கியவன் நான்தான். பழி இன்னொருவர் தலையில் விழுந்தபோது பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான்!

அப்பாடா... சொல்லிவிட்டேன். இனி நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை.

நான் எழுத்துரு வடிவமைப்பவன். கணினியிலும் பலகையிலும் நீங்கள் படிக்கும் எழுத்துகளுக்கு உருவம் வரைவது என் தொழில். வட்டமும் நேர்கோடும் மட்டுமே கொண்டு, ஓர் அலங்காரமும் இல்லாமல் ஒரு தமிழ் எழுத்துரு செய்ய வேண்டும் என்ற பித்து எனக்கு. இந்த ஊரில் ஆங்கிலத்துக்கு அப்படிப்பட்ட எழுத்துகள் எங்கு திரும்பினாலும் உண்டு. தமிழுக்கு மட்டும் ஏன் கூடாது?

‘ட’ என் செல்லப்பிள்ளை, இரண்டே கோடு. ‘ழ’ படாத பாடு படுத்தியது. ‘ர’ மட்டும் என்னவாம்? மேலே கச்சிதமாக நின்றுகொண்டு, கீழே சாய்வாக ஒரு வாலைத் தொங்கவிட்டது. வரியின் ஒழுங்கே கெட்டது. வெட்டினேன்.

வாலில்லாத ‘ர’ என்ன ஆகும்? துணைக்கால் ஆகும்! அது எனக்குத் தெரியாதா? தெரியும்... பனையோலையில் நம் முன்னோர் இரண்டையும் ஒன்றாகத்தானே எழுதினார்கள், இடம் பார்த்துப் படித்துக்கொள்ள மாட்டார்களா என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். என்ன திமிர்!

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில் மங்கை அக்கா பேனர் அச்சிடும் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகுமா மிகாதா என்று சந்தேகம் வந்தால் பலரும் அவரிடம்தான் ஓடுவார்கள். என் எழுத்துருவை முதலில் அவர் கணினியில்தான் ஏற்றினேன்.

“அழகா இருக்கு லா, தம்பி! தைப்பூச பேனருக்கே இதைப் போட்டுர்றேன்,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காவடிகள் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அதன் முகப்பில், பெரிய பெரிய எழுத்தில், ‘முருகா சரணம்’. அக்கா தட்டியது அதுதான். தெருவில் நின்றவர்கள் படித்ததோ... ‘முருகா சாணம்’!

படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. நீங்களும் பார்த்துச் சிரித்திருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மறுநாள் பந்தல்காரர் கடைக்கே வந்துவிட்டார். “தமிழ்க் கடைன்னு நம்பித்தானே ஆர்டர் கொடுத்தோம்? சாமி பேரு பக்கத்துல எதைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க! ஒரு தடவை படிச்சுப் பாக்க மாட்டீங்களா?”

அச்சுக்குப் போகும்முன் எழுத்தையெல்லாம் வெறும் கோட்டுப் படமாக மாற்றிவிடுவார்கள். அப்புறம் எந்த எழுத்தைத் தட்டினோம் என்று தேடினாலும் கிடைக்காது. அக்கா திரையையே வெறித்துப் பார்த்தார். பிறகு கைகூப்பினார். “என் கண்ணுதான் ஏமாத்திருச்சு அண்ணே. மன்னிச்சிருங்க.”

நான் அங்கேதான் நின்றேன்! ‘தப்பு என்னுடையது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு நிறுவனம் தன் பலகைகளுக்கெல்லாம் என் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும் தறுவாயில் இருந்தது. அந்த ஆசை என் வாயை அடைத்துவிட்டது.

அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் வாலை ஒட்டவைத்தேன். ‘சிறு மெருகேற்றங்கள்’ என்று குறிப்பு எழுதினேன். மெருகாம், மெருகு!

அக்கா மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டார். தமிழ் வேலை வந்தால் தட்டிக்கழித்தார். சென்ற மாதம் ஒரு நினைவஞ்சலியை என்னிடம் நீட்டினார். “நீ ஒரு தடவை படிச்சுச் சொல்லேன் தம்பி. இப்பல்லாம் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்ல.”

அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நான் சரியாத்தான் அடிச்சேனா?”

“சரியாத்தான் அடிச்சீங்க அக்கா.”

“கண்ணு?”

“கண்ணுல ஒரு குறையும் இல்லக்கா.”

“இதைப் போட்டா தலை சுத்தும் தம்பி. போகப் போகப் பழகிரும்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன்,” என்றார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். “எழுதிக் கொடு. கடைக் கதவுல ஒட்டணும். சிரிச்சவங்க எல்லாம் படிக்கட்டும்.”

அதைத்தான் இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் நெஞ்சு லேசாகிவிட்டது, பொய் சொல்லவில்லை. நேற்று நிம்மதியாகத் தூங்கினேன். மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

‘ஒரு தவறு நேர்ந்துவிட்டது’ என்றுதான் முதலில் ஆரம்பித்திருந்தேன். அக்கா பேனாவை எடுத்தார். “நேர்ந்துச்சா? தானா வந்து நேர்ந்துச்சா? நீ செஞ்சது லா!” என்று அடித்துவிட்டார். முதல் வரி அவருடையது.

இதோ, இதையும் அவரேதான் தட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி போடவில்லை. ஆனால் ஒவ்வொரு ரகரத்திலும் விரல் நின்றுவிடுகிறது. என் பக்கம் திரும்புகிறார்.

“வால் இருக்கா, தம்பி?”

“இருக்கு அக்கா.”