கரோலின் ஒட்டிய சிவப்புச் சீட்டு

திருவொற்றியூரில் தவசிமுத்து நடத்தும் க்ரீம் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக ஒரு சட்டம். கரோலின் பச்சைச் சீட்டு ஒட்டாமல் ஒரு டப்பா கூட கேட்டைத் தாண்டாது. தரம் பார்ப்பது அவள் வேலை. வந்து இறங்கும் எண்ணெயிலிருந்து ஏறிப் போகும் ட்யூப் வரை எல்லாவற்றையும் முகர்ந்து, தொட்டு, சோதித்துப் பார்ப்பாள். சந்தேகம் என்றால் சிவப்புச் சீட்டு. சிவப்பு ஒட்டிவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் பச்சையாகாது.

"கரோலின் சீட்டு ஒட்டினா கண்ணை மூடிக்கிட்டு லாரியில ஏத்தலாம்" என்று தவசிமுத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்டும் கேட்காத மாதிரி அவள் நகர்ந்து போவாள். உள்ளுக்குள் குளிரும். குளிரட்டுமே, உழைத்து வாங்கிய பேர்தானே!

ராயபுரத்துப் பெண் அவள். அப்பா கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா வியாகுலம்மாள் காசிமேட்டில் அரிவாள்மணை போட்டு மீன் வெட்டித் தருகிறவள், இன்றைக்கும். அங்கே பெண்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் கவுச்சி போக அரை எலுமிச்சையைக் கையில் அழுந்தத் தேய்த்து, கழுவாமல் அப்படியே பஸ்ஸுக்கு நிற்பார்கள். புறங்கையெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அதற்கு 'மீன் சூடு' என்று பேர் வைத்து மஞ்சள் பூசிக்கொண்டார்கள்.

கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த கரோலின்தான் கண்டுபிடித்துச் சொன்னாள், சுடுவது மீன் இல்லை என்று. எலுமிச்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள் கையில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் சருமம் வெந்துபோகும். யாரும் நம்பவில்லை. "நாத்தத்த போக்குற எலுமிச்சங்கா சுடுமா? போம்மே!" என்று சிரித்தார்கள். அவள் வாயால் வாதாடவில்லை. முழங்கைக்குக் கீழே பேனாவால் இரண்டு கட்டம் போட்டாள். இரண்டிலும் எலுமிச்சையைத் தேய்த்து, ஒன்றைத் துணியால் மூடி, அவர்கள் நடுவிலேயே மத்தியான வெயிலில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் திறந்த கட்டம் மட்டும் கறுத்திருந்தது. அன்றிலிருந்து அந்த வரிசையில் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் வெயிலில் இறங்குவதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாசி மாதம் அடி சறுக்கியது.

பெங்களூரிலிருந்து ஒரு பிராண்ட் கைக்குப் பூசும் க்ரீமுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவர்களுக்கு எண்ணெய் தருகிறவர்கள் ஜூஸ் கடைகளில் குப்பைக்குப் போகிற எலுமிச்சைத் தோலை வாங்கி அதிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். மாதிரி செய்தபோது வந்தது ஆவியில் வடித்த எண்ணெய். பெரிய அளவில் கலக்கும்போது வந்தது அப்படியே அழுத்திப் பிழிந்த எண்ணெய். அடுப்பு வேண்டாம், எரிபொருள் வேண்டாம், பூமிக்கு நல்லது என்று மாற்றிவிட்டார்கள். வடித்ததில் அந்தச் சுடும் பொருள் வராது, பிழிந்ததில் அப்படியே வரும். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பேர்: எலுமிச்சை எண்ணெய்.

கரோலின் மூடியைத் திறந்தாள். பச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் குப்பென்று ஒரு மணம். அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வரும் அதே மணம். மனசு இளகிவிட்டது. வடித்த எண்ணெய்க்கு இந்த மணமும் இந்தப் பச்சை நிறமும் வராது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பச்சைச் சீட்டை ஒட்டிவிட்டாள். ஊருக்குத்தான் உபதேசம்!

இருநூறு கிலோ க்ரீம் கலந்து தொட்டியில் நின்றது. வியாழக்கிழமை காலை ட்யூபில் அடைக்க வேண்டும். தொட்டியிலிருந்து மாதிரிக்கு எடுத்து அடைத்த ஒரு ட்யூபை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவிடம் ஆசையாகக் கொடுத்திருந்தாள். புதன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புறங்கை சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம்.

"இன்னான்னே தெர்ல, நேத்துலேந்து எரிஞ்சிகினே கீது. நீ குத்த க்ரீம் தவிர வேற ஒண்ணும் போடல. வாசன சும்மா கும்முனு கீதே, கழுவுவானேன்னு வுட்டுட்டேன்."

"போட்டுகினு வெயில்ல இருந்தியாம்மா?"

"நான் வெயில்ல குந்தாம ஏசிலயா குந்துவேன்?"

கரோலின் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தன் கையால் ஒட்டிய சீட்டு, தன் அம்மா கையையே சுட்டிருக்கிறது. அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, பழி எண்ணெய் அனுப்பியவன் மேல் போகும். ஆனால் பதினோரு வருஷத்துப் பேரை அப்படிக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் காலை மிஷின் ஓடுவதற்கு முன் தொட்டியின்மேல் இருந்த தன் பச்சைச் சீட்டின் மேலேயே சிவப்பை ஒட்டினாள்.

தவசிமுத்து ஓடி வந்தார். ஆர்டர் கொடுத்த பிராண்டின் பொறுப்பாளர் தஸ்னீமும் அன்றைக்கென்று வந்திருந்தாள்.

"தப்பு என்னுது சார். நான்தான் ஏமாந்து பச்சை ஒட்டிட்டேன்" என்றாள் கரோலின். "இது வெயில்ல போறவங்க கையைச் சுடும்."

"நூத்துக்கு நூறு இயற்கை மேடம் இது!" என்றாள் தஸ்னீம்.

"ஊமத்தங்காய் கூட இயற்கைதான் மேடம். குப்பைக்குப் போறதை எடுத்து உபயோகிக்கிறீங்க, ரொம்ப நல்ல காரியம். அதுக்காக வாங்குறவங்க கை வேகலாமா? நூறு பங்கு க்ரீம்ல இந்த எண்ணெய் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. இதுல ரெண்டு பங்கு கீது." ஆத்திரத்தில் ராயபுரம் தானாக வெளியே வந்தது.

"இருநூறு கிலோவையும் கொட்டச் சொல்றியா?" தவசிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு கரண்டி கூட கொட்ட வேணாம் சார். எண்ணெய் போடாத க்ரீம் மூணு பங்கு கலந்தா அளவு அரைக்கு இறங்கிடும். எண்ணூறு கிலோ, நாலு மாசத்து சரக்கு ஆச்சு. மிச்ச எண்ணெயை ஆவியில வடிச்சுக்கலாம், சுடுற பொருள் அடியில தங்கிடும். நம்ம பாய்லர்ல வீணாப் போற ஆவியே போதும்."

"அரை போட்டா சுடாதுன்னு எப்படி நம்புறது?" என்றாள் தஸ்னீம். கேட்க வேண்டிய கேள்விதான்.

கரோலின் பத்தொன்பது வயதில் செய்ததையே முப்பத்தாறில் செய்தாள். கையில் இரண்டு கட்டம். ஒன்றில் பழைய க்ரீம், இன்னொன்றில் புதிதாகக் கலந்தது. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தாள். தவசிமுத்து குடை கொண்டுவந்து நீட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டம் காய்ந்த வாழைச்சருகு நிறத்தில் கறுத்திருந்தது. இன்னொரு கட்டத்தில் பேனாக் கோடு மட்டும்தான் இருந்தது. திங்கட்கிழமை அந்தக் கையைப் படமெடுத்து அனுப்பியதும் தஸ்னீமிடமிருந்து ஒரே வரி பதில்: 'பச்சை ஒட்டுங்கள்.'

இரண்டு வாரம் கழித்து புது ட்யூபை எடுத்துக்கொண்டு கரோலின் காசிமேட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. அம்மாவின் கைக் கொப்புளம் ஆறி, தழும்பு மட்டும் கறுத்திருந்தது. வியாகுலம்மாள் மூடியைத் திருகினாள். ட்யூபைப் பிதுக்கி நன்றாக இருந்த மறு கையில் பூசிக்கொண்டு, நிழலை விட்டு எழுந்து வெயிலில் போய் நின்றாள்.

பக்கத்தில் மீன் வெட்டும் அடைக்கலமேரி பதறிப்போனாள். "அய்ய, பட்டும் புத்தி வர்ல பாரு! அந்தக் கை வெந்தது பத்தாதா ஒனக்கு?"

"அது எம் பொண்ணு ஏமாந்தப்போ போட்டது. இது அவளே நிறுத்தி, அவ கைய வெயில்ல வெச்சிப் பாத்துட்டு குத்தது" என்றாள் வியாகுலம்மாள், மார்க்கெட்டுக்கே கேட்கும்படி. "குடுறீ ஒங் கைய."

அடைக்கலமேரி கரோலினின் கையிலிருந்த கறுத்த கட்டத்தையும் அதன் பக்கத்தில் கறுக்காத தோலையும் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.