சம்பந்திக்காக ஒரு 'செய்தேன்'

போன ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தியம்மா ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கினார். எங்கள் பினாங்கு வீட்டுக்கு இதுதான் முதல் வருகை. எனக்கோ ஒரு வாரமாகவே தூக்கமில்லை.

ஏன் என்கிறீர்களா? மகள் கவிதாவின் கல்யாணம் அங்கே நடந்தபோது, மூன்று நாளும் வாயே திறக்காமல் ஓரமாக நின்றேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று பிற்பாடு கவிதாவிடம் கேட்டாராம். அதிலிருந்து மனசே ஆறவில்லை. இந்த முறை ஒரு வாக்கியமாவது என் வாயால் சொல்லிவிட வேண்டும் — 'இதெல்லாம் உங்களுக்காக நான் செய்தேன்'.

இரண்டு மாதம் முன்பே ஆன்லைன் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். 'செய்வது' என்பதற்கு 'அசேர்'. சரி. 'செய்தேன்' என்றால்? 'ஈசே'! அந்த 'அ' எங்கே போனது? 'ஈ' எங்கிருந்து வந்தது? டீச்சரைக் கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் செய்யுங்கள்" என்கிறார். கூடவே 'ஒன்றும் செய்யவில்லை' என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

"மலாய்ல முன்னால ஒரு 'சுடா' போட்டா நடந்து முடிஞ்சதா ஆயிடும்லா. இவங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கஷ்டம்?" என்றார் என் வீட்டுக்காரர், சோபாவில் படுத்தபடி. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன்.

அரிசி களையும்போது ஈசே. லிட்டில் இந்தியாவில் வாழையிலை வாங்கும்போதும் ஈசே... கடைக்கார அண்ணே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிறு மதியம் இலையில் பதினொரு வகை. சம்பந்தியம்மா கண்கள் விரிய, இதையெல்லாம் யார் செய்தது என்று கேட்டார். கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது! இதற்காகத்தானே இரண்டு மாதம்? வாயைத் திறந்தேன்.

"நோ ஈசே நாதா!"

நான் ஒன்றுமே செய்யவில்லை! பின்னே... விருந்தாளி பாராட்டினால், 'ஐயோ, ஒண்ணும் பெருசா செய்யலைங்க' என்றுதானே நம் வாய் பழகியிருக்கிறது? டீச்சர் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

சம்பந்தியம்மா என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேராகப் போய் என் வீட்டுக்காரரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து நன்றி சொன்னார். மனுஷன் மறுக்கவே இல்லை. வெட்கப்பட்டுத் தலையை ஆட்டுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவிதா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, விஷயத்தை விளக்கினாள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இவ்ளோ செஞ்சிட்டு ஏன் செய்யலன்னு சொன்னீங்கன்னு கேக்குறாங்கம்மா" என்றாள் கவிதா.

ஏன்?... எனக்குத் தமிழிலேயே பதில் தெரியவில்லை.