ஞானமுத்து இல்லாத ஞானமுத்து அட்டை

போன வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. சண்டைக்குக் காரணம் எப்போதோ காலமாகிவிட்ட ஒரு குத்துச்சண்டை வீரர்.

பெயர் ஞானமுத்து. 'நாக்-அவுட் ஞானமுத்து' என்றால் அந்தக் காலத்து மெட்ராஸில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறிப் பார்ப்பார்களாம். எல்லாமே 'மாம்', 'ளாம்' போட்ட செவிவழிக் கதைதான். இவர் பிறப்பதற்கு முன்பே அந்த மனிதர் கிளவுஸைக் கழற்றிவிட்டார்.

சங்கரன்கோவிலில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவருக்கு இது எங்கிருந்து தொற்றியது? மதுரையில் ஒரு பழைய பேப்பர் கடையில் ஞானமுத்துவின் ஆட்ட நோட்டீஸ் ஒன்றைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது.

இன்று எங்கள் வீட்டில் ஏசி இருக்கிற ஒரே அறையில் ஞானமுத்துதான் குடியிருக்கிறார். நோட்டீஸ்கள், கிழிந்த டிக்கெட்டுகள், விறைத்துப்போன ஒரு ஜோடி கிளவுஸ், மிட்டாய் வாங்கினால் இனாமாகக் கொடுத்த வீரர் அட்டைகள்... ஈரம் படக்கூடாது என்று ஆல்பத்துக்குள் மாத்திரை டப்பாவில் வருகிற குட்டிக் குட்டி சிலிகா பொட்டலங்கள் வேறு. சித்திரை வெயிலில் நான் ஹாலில் ஃபேனுக்குக் கீழே கிடப்பேன். கேட்டால், "பேப்பருக்குச் சூடு ஆவாதுல்லா" என்பார்.

எனக்கு மட்டும் ஆகுமா?

கடையில் ஒருவர் காய்ச்சலோடு மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார். இவர் போனில் யாரோ ஒரு கொழும்புக்காரரிடம், "அட்டையில மூலை மடங்கியிருக்கா, மடங்கலையா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். காய்ச்சல்காரர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றிலும் ஒரு அட்டைதான் இவருக்கு உயிர். ஞானமுத்து முஷ்டியை உயர்த்தி நிற்கிற கலர் மிட்டாய் அட்டை. ஊர் ஊராக அலைந்து வாங்கியது. என்னைக்கூடத் தொட விட்டதில்லை.

ஞானமுத்துவின் மகள் ரத்தினபாய் ராயகிரியில் இருப்பதாகப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தகவல் வந்தது. அட்டையின் பின்பக்கம் அந்த அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமாம். "நீயும் வா. பொம்பளையாள் கூட இருந்தாதான் நம்பிப் பேசுவாவ" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் எனக்கு சீட் கிடைக்கவில்லை. ஆல்பத்துக்குக் கிடைத்தது, அவர் மடியில்.

ரத்தினபாய் அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். வீட்டு முன்னறையில் சின்னதாக ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறார். முன்பின் தெரியாத எங்களுக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். இவர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது எங்கப்பா இல்லையே."

"நல்லாப் பாருங்கக்கா. கீழ பேரு போட்டிருக்கு."

"பேரு அவரு பேருதான். ஆளு வேற. எங்கப்பாவுக்கு இடது புருவம் பிளந்து தழும்பு இருக்கும். இது யாருன்னே எனக்குத் தெரியல தம்பி."

இவருக்கு வேர்த்துவிட்டது. "உங்ககிட்ட அவரு போட்டோ இருந்தா ஒப்பிட்டுப் பாத்திரலாம்..."

அக்கா சிரித்தார். "எங்க இருக்கு? உங்கள மாரி வந்தவங்கதான் ஒண்ணொண்ணா கொண்டு போனாவ. காப்பி எடுத்துட்டுத் தாரோம்னு சொன்னாவ. கல்யாணப் போட்டோ முதற்கொண்டு போச்சு. இப்ப பேத்தி கேக்கா, பூட்டன் எப்படி இருப்பாருன்னு. வாயாலதான் சொல்லுதேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

அக்கா ஆல்பத்தை வாங்கி, தானாகவே புரட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கத்தில் கை நின்றது. பனியன் போட்ட ஒருவர் சிமென்ட் படியில் உட்கார்ந்திருக்கிற கறுப்பு வெள்ளைப் படம். மடியில் ஒரு பெண் குழந்தை. அதன் முழங்கை வரைக்கும் ஒரு கிளவுஸ். படத்தின் ஓரத்தில் நீல மைக்கறை. கீழே என் வீட்டுக்காரரின் அழகான கையெழுத்தில் குறிப்பு: 'ஞானமுத்து, ரசிகர் ஒருவரின் குழந்தையுடன்.'

புருவத்தில் தழும்பு தெளிவாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் இந்தப் படத்தையும் அந்த அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்த மனிதரின் கண்ணில் அது எப்படிப் படாமல் போயிற்று? கேட்டால், அட்டையில் இருப்பது தழும்பு விழுவதற்கு முந்தைய இளவயது முகம் என்று நினைத்தாராம்.

"இந்தப் பிள்ள நாந்தான்" என்றார் அக்கா. "மையும் நான் ஊத்துனதுதான். அதுக்கு எங்கம்மாகிட்ட அடி வாங்குனேன்."

முந்தானையால் அந்த பிளாஸ்டிக் உறையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

இவர் தொண்டையைச் செருமினார். படத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "அக்கா, இது மதுரையில ஒருத்தர்ட்ட முறையா வாங்குனது. நான் இத நல்லா ஸ்கேன் பண்ணி, ஃபிரேம் போட்டு அனுப்பி வைக்கேன்" என்றார்.

அதே வசனம். தன் காதில் விழவில்லையா இவருக்கு?

அக்கா வாதாடவில்லை. ஆல்பத்தை மூடி இவர் மடியில் வைத்தார். "சரி தம்பி, கொண்டு போங்க. நான்தான் பாத்துட்டேன்லா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆல்பத்தைப் பிடுங்கி, உறைக்குள் விரலை விட்டுப் படத்தை உருவினேன். அக்காவின் கையில் வைத்தேன். "வச்சுக்கிடுங்கக்கா. உங்களுக்குள்ளதுதான்."

"ஏட்டி..." என்றார் இவர். அன்றைக்கு என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

திரும்பி வரும்போது வேறு சீட்டில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தபின் தேவைகள் எல்லாம் சுவரிடம் சொல்லப்பட்டன. ஆளில்லாத அடுப்பங்கரையைப் பார்த்து, "ரசம் இருக்கா?" என்பார். நானும் சுவருக்கே பதில் சொன்னேன். பார்த்தே இராத ஒரு மனிதர் மேல் இவ்வளவு பிரியம் வைக்கத் தெரிகிறது. அவர் பெற்ற மகள் எதிரில் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. பொருள் சேர்க்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தானோ?

நேற்று ஏசி அறையிலிருந்து சத்தம் கேட்டது. இவர் போனில் யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, கல்யாணப் போட்டோ உங்ககிட்டதான இருக்கு? காப்பி எடுத்துட்டுத் தாரேன்னுதான வாங்கிட்டுப் போனீங்க? அது அந்தப் பொம்பளை வீட்டுச் சொத்து வே."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கவரோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கோயம்புத்தூர்ல ஒருத்தர்ட்ட இருக்கு. சும்மா தரமாட்டேங்காரு. பதிலுக்கு என் மிட்டாய் அட்டைய கேக்காரு."

"அதுல இருக்கது ஞானமுத்து இல்லன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆளு மாறி அச்சடிச்சதுன்னா இன்னும் அபூர்வம்லா, குடுத்தே ஆகணும்ங்காரு." சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். "கூரியர்ல போட்டுட்டேன்."

காபி போட்டுக் கொடுத்தேன். அந்த அட்டை இல்லாத வீட்டில் அவர் காபி குடிப்பதைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

அந்த இரக்கத்தோடு விட்டிருக்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தூத்துக்குடியில ஒருத்தர்ட்ட அவரு கப்பு இருக்காம். சேலத்துல பெல்ட்டு. எல்லாத்தையும் மீட்டு மொத்தமா அக்காகிட்ட ஒப்படைக்கணும். அதுவரைக்கும் இங்கனதான் இருக்கணும். ஹால் அலமாரியக் கொஞ்சம் ஒழிச்சுக் குடு."

திருப்பிக் கொடுப்பதற்காகச் சேர்க்கிறாராம்... இதை என்ன சொல்லித் திட்டுவது?