பிரபுவின் விருந்தில் ஒரு விரதக்காரர்

1. பெட்டி

புயல் எச்சரிக்கை ‘க்ளாஸ் த்ரீ’ என்று ரேடியோ சொல்லிவிட்டால் மொரீஷியஸில் பஸ் ஓடாது. அப்படிப் பஸ் நின்ற ஒரு ஜனவரி நாளில், கடற்கரை ஹோட்டல் ஒன்றில், கடலைப் பார்க்கவென்றே வந்த வெள்ளைக்காரர்களோடு நான் மாட்டிக்கொண்டேன். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று. கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் தாராளமாக வந்தது.

அவர்களைச் சலிப்படையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். பிரிவின் பெயர் அனிமேஷன். நான் கார்ட்டூன் வரைகிறேன் என்று மதுரையில் உறவினர்கள் வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் மேட்டு நகரமான கியூர்பிப்பில் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவன் நான். அது மூடப்பட்டது. தீவைச் சுற்றி ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகளின் கடைசி அது. மேட்டிலிருந்து கடற்கரைக்கு உருண்டு வந்துவிட்டேன். நீச்சல் தெரியாது. நடனம் ஆடினால் பக்கத்தில் இருப்பவருக்கு அடிபடும்.

எனக்கிருந்த ஒரே மூலதனம், யாரோ விருந்தினர் மறந்துவிட்டுப் போய், கேட்க ஆளில்லாமல் என் அறைக்கு வந்து சேர்ந்த ஒரு பெட்டி. உள்ளே விசித்திரமான பகடைகளும் ஒரு சாகசப் புத்தகமும் இருந்தன. விளையாட்டு எளிது. கேம் மாஸ்டர் என்பவர் கதையின் நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உட்கார்ந்து, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். நான்தான் மாஸ்டர். அதுவரை புத்தகத்தை வரிவரியாக ஒப்பித்தே நடத்தி வந்தேன். வந்தவர்கள் மரியாதையாகக் கொட்டாவி விட்டுப் போனார்கள்.

அன்று காலை மெனேஜர் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரர், சுற்றி வளைக்க மாட்டார்.

“முசியே நடராஜன், இன்னிக்கு ஆளுங்க எங்கேயும் போக முடியாது. இன்னிக்கும் உங்க ஆட்டம் எடுபடலேன்னா அந்த அறையைக் கம்பளிச் சட்டைக் கடைக்குக் குடுத்துடுவேன். உங்க பர்மிட்டையும் புதுப்பிக்கப் போறதில்லை.”

தீவில் கம்பளி மில்கள் ராப்பகலாக ஓடிய காலம். பனைமரத்தடியில் கம்பளிச் சட்டை விற்பதுகூட என்னை வைத்திருப்பதைவிட லாபம்தான். அதில் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பர்மிட் போனால் நான் விமானம் ஏற வேண்டும்.

2. விருந்து

மேஜைக்கு மூன்று பேர் வந்தார்கள்: ஓர் ஆங்கிலேயப் பல் மருத்துவர், அவர் மனைவி, ஒரு ஜெர்மன் இன்ஜினியர். புத்தகம் நாலு பேர் கேட்டது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளத் தங்கியிருந்த எலெக்ட்ரீஷியன் குமரனைப் பிடித்து உட்காரவைத்தேன். உள்ளூர்த் தமிழர், சேன் பியேர் என்ற ஊர்க்காரர். எங்கள் பேச்சு அந்தத் தீவின் கிரியோல் மொழியில்தான். இங்கே தமிழில் தருகிறேன். ‘அண்ணே’ மட்டும் அவர் சொன்னபடியே.

கதை இது. ஒரு குளிர்நாட்டுக் கோட்டை. அண்ணனை நிலவறையில் அடைத்துவிட்டு, அவர் செத்துப்போனதாக ஊரை நம்பவைத்து ஆளும் ஒரு பிரபு. வீரர்களை விருந்துக்கு அழைத்து மயக்க மது கொடுக்கிறான். அவர்கள் நிலவறையில் கண்விழிக்கிறார்கள். தப்பி மேலே வருவதுதான் மீதிப் புத்தகம். ‘வீரர்கள் அருந்துகிறார்கள்’ என்று அச்சாகியே இருந்தது.

மான் கறியையும் மதுவையும் நானே ருசித்ததுபோல வர்ணித்து முடித்தேன்.

குமரன் சொன்னார்: “நான் சாப்பிடலை, அண்ணே.”

“ஏன்?”

“எனக்கு கரேம்.”

விரதத்துக்கு அந்த ஊர்ப் பேச்சில் அதுதான் சொல். கோயிலில் கொடியேறியதும், தைப்பூசக் காவடிக்கு விரதம் ஆரம்பித்திருந்தார்.

“விரதம் உங்களுக்குத்தானே குமரன்? கோட்டையில இருக்கிறது வேற ஆளு.”

“அந்த ஆளு சாப்பிட்டான்னு நான்தானே வாயால சொல்லணும்? ஆயோ, அண்ணே, காவடி எடுக்கப் போற வாய் இது.”

நான் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லி, மற்றவர்கள் அவரைச் சமாதானப்படுத்துவார்கள் என்று காத்திருந்தேன். பல் மருத்துவரின் மனைவி கோப்பையைத் தள்ளிவைக்கும் பாவனையில் கையை நகர்த்தினார். “அப்போ நாங்களும் குடிக்கலை. கூட்டாளி பட்டினி கிடக்கும்போது நாங்க குடிக்கிறதா?”

ஜெர்மன்காரர் தலையாட்டினார். “சரியான முடிவு. அந்தப் பிரபுவோட மூஞ்சியே எனக்குப் பிடிக்கலை.”

என் மீதிப் புத்தகம் முழுவதும் அந்தக் கோப்பைக்குள் இருந்தது. உணவின் வாசனையே உங்களை மயக்குகிறது என்று ஆரம்பித்தேன்.

“நீங்க கதை சொல்றீங்களா, எங்களைக் கைது பண்றீங்களா?” என்றார் அந்த அம்மாள்.

பார் பக்கம் சாய்ந்து நின்ற மெனேஜர் கையைக் கட்டிக்கொண்டார்.

3. பாத்திரம்

புத்தகத்தை மூடினேன். துணிச்சல் அல்ல, அதில் எனக்கு உதவக்கூடிய வரி ஒன்றும் மிச்சமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்று யோசித்தேன். இந்தப் பிரபுவுக்கு என்ன வேண்டும்? ஊர் முன்னால் பெரிய மனிதன் என்ற பெயர் வேண்டும். அப்படிப்பட்டவன் விருந்தாளியைப் பசியோடு அனுப்பமாட்டான்.

பிரபுவாகவே எழுந்து நின்றேன். “விரதமா? என் கோட்டையில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. சமையலறை உங்களுடையது.”

குமரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே என்ன காய் இருக்கிறது என்று கேட்டார். கிழங்கும் கீரையும் என்றேன்.

“பாத்திரம்? கறி சமைச்ச சட்டியை நான் தொடமாட்டேன்.”

சமையல்காரனாகக் குரலை மாற்றினேன். “புதுச் சட்டி கீழே கிடங்கில் இருக்கிறது. ஆனால் அங்கே நான் மட்டும்தான் போகலாம்.”

“எனக்குத் தெரியாம எடுத்த பாத்திரம் எனக்கு ஆகாது. நானும் வர்றேன்.”

நாலு பேரும் படி இறங்கினார்கள்; கிடங்குக்கு அடுத்தது நிலவறை. நிலவறை வரைபடத்தை நான் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் கடைசியாக வரவேண்டிய அறை முதலாவதாயிற்று. தப்பிக்கும் வழி நுழையும் வழியாயிற்று. வெளியே போகிறவனைத் தடுக்க நின்ற காவலர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஓர் அறையைக்கூட நான் வீணாக்கவில்லை. பல் மருத்துவர் மேலே ஓடி, குடிக்காத மதுவைக் கொண்டுவந்து காவலர்களுக்கே ஊற்றினார். அவருக்கு மயக்க மருந்தில் தொழில் அனுபவம் இருந்தது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

பிரபுவின் அண்ணன் கிடைத்தார். புத்தகப்படி கோபுர உச்சியில் வாள்சண்டை நடக்க வேண்டும். இவர்களோ அண்ணனைக் கைத்தாங்கலாக விருந்து மண்டபத்துக்கே அழைத்துப் போனார்கள். இதற்குள் பக்கத்து மேஜையில் சீட்டாடிக்கொண்டிருந்த விருந்தினர்கள் சீட்டை வைத்துவிட்டு எங்களைச் சுற்றி நின்றிருந்தார்கள். சபை அண்ணனை நம்புமா? இருபது முகப் பகடையை மறைவில் உருட்ட எனக்கு உரிமை உண்டு. ஜெர்மன்காரர் கையில் கொடுத்தேன். “பதினைந்துக்கு மேலே விழணும்.”

உருட்டினார். அது மேஜையைத் தாண்டி சோபாவுக்கு அடியில் ஓடியது. அடைத்த ஜன்னல்; ஒரே இருட்டு. அத்தனை பேரும் மண்டியிட்டோம். டார்ச் அடித்தது மெனேஜர்.

“பதினேழு!” என்று முதலில் கத்தியவரும் அவர்தான்.

காற்றின் சத்தத்தை மீறிக் கைதட்டல் கேட்டது. குமரன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றக் கிளம்பினார். போகும்போது, “அந்தச் சட்டி அங்கேயே இருக்கட்டும், அண்ணே. நாளைக்கும் சமைக்கணும்” என்றார்.

மெனேஜர் புத்தகத்தை எடுத்து வரைபடத்தை மேலும் கீழும் திருப்பினார்.

“அந்தச் சமையலறை எந்தப் பக்கத்துல இருக்கு?”

“புத்தகத்துல இல்லை, முசியே.”

“அப்போ யார் கட்டினது?”

“நான்.”

பதிலைச் சற்று அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அவர் புத்தகத்தை என்னிடம் நீட்டி, கம்பளிக் கடைக்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்.

இந்த மேஜையில் மாஸ்டராக உட்கார இப்போது வரும் இளையவர்களுக்கு: அச்சிட்ட சாகசத்தை நன்றாகப் படியுங்கள், ஒப்பிப்பதற்காக அல்ல, எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துகொள்ள. வில்லனுக்கு என்ன வேண்டும், கைதி எங்கே இருக்கிறான், இது இரண்டும் தெரிந்தால் போதும். வழியை விளையாட வந்தவர்கள் காட்டுவார்கள், அவரவர் வீட்டு வழக்கத்தோடு. அதைத் தடுக்காதீர்கள்.

அதே சாகசத்தை அதே அறையில் பல ஆண்டுகள் நடத்தினேன். எந்தக் கூட்டமும் முந்தைய கூட்டம் போன வழியில் போகவில்லை. எழுதியவர் பார்த்திருந்தால் என்மேல் வழக்குப் போட்டிருப்பார். அல்லது, என் கர்வம் சொல்கிறபடி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.