அண்ணன் முகம் போட்ட சட்டை

என் மனைவி ஒரு நிருபர். எஹலியகொட பக்கத்துத் தோட்டங்களில் நடப்பதைக் கொழும்பில் இருக்கும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறவள். நான் திரீவீல் ஓட்டுகிறேன். அவள் செய்திக்குப் போகிற இடமெல்லாம் என் வண்டியில்தான் போவாள். அதனால் அவள் யாரிடம் என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு நான் பாதி சாட்சி. மீதி நேரம் வண்டிக்குள் தூங்கிவிடுவேன்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. "எழுதுறதுன்னா என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். கேட்டேன். "உங்க வீரத்த அதுல சேர்க்காட்டிச் சரி" என்றாள். சேர்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை, எனவே பிரச்சினையில்லை.

என் அண்ணன் எங்கள் தோட்டத்துத் தலைவர், அதாவது தொழிற்சங்கத்தின் தலைவர். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சண்டை போடுவது, திருவிழாவுக்கு நாள் குறிப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பது எல்லாம் அவர்தான். போன பிரதேச சபைத் தேர்தலில் அவர் போட்டியிட்டார். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், நடுவில் நாங்கள் கொஞ்சப் பேர். எங்கள் ஆள் ஒருவர் சபைக்குள் போவது சின்ன விஷயமில்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர்க் குழாயும் கொங்கிரீட் ரோடும் யாராவது அங்கே மேசையைத் தட்டிக் கேட்டால்தான் வரும். அண்ணன் தட்டியிருப்பார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

தேர்தலுக்கு முன்னால் கட்சியிலிருந்து டீ-சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. கத்தரிப்பூ நிறம், நெஞ்சில் அண்ணனின் முகம். அச்சடித்தவன் மீசையைக் கறுப்பாக்கி, கன்னத்தை வழுவழுப்பாக்கி, அண்ணனைக் கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளையாக்கியிருந்தான். "இந்த ஆளதான் எனக்குக் காட்டுனாங்க, கட்டி வச்சது வேற ஆளு" என்றார் அண்ணி. சட்டைகள் ஒரே மாலையில் எல்லா லயங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

ரப்பர் மலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ரப்பர் மரத்துப் பால் துணியில் பட்டால் போகாது. கறுத்துப்போய், காய்ந்து, துணி பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். அதனால் பால் வெட்டப் போகும்போது வீட்டில் இருப்பதிலேயே கழித்துப் போட்ட துணியைத்தான் உடுத்துவார்கள். சும்மா ஒரு சட்டை கிடைத்தால் அது எந்தக் கட்சிச் சட்டையாக இருந்தாலும் மறுநாள் மலைக்குப் போய்விடும். அதற்கு முந்திய தேர்தலில் அண்ணனுக்கு எதிர்க் கட்சிக்காரர் கொடுத்த சட்டைகளும் அப்படித்தான் பால் குடித்துச் செத்தன.

ஆகவே மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்கள் எல்லோருடைய நெஞ்சிலும் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ அதைப் போனில் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்தப் படம் ஊர் சுற்றியது. தமிழில் பகிர்ந்தவர்கள் 'தோட்டமே தலைவர் பின்னால்' என்று எழுதினார்கள். ஒரு சிங்களப் பக்கம் அதே படத்தைப் போட்டு, 'ஒரு சட்டைக்கு விலைபோன தோட்டத்து ஆட்கள்' என்றது. படம் ஒன்று, பொய் இரண்டு.

சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பத்திரிகையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"படம் பெருசா போடுறோம். ஒரு தொழிலாளியோட கருத்து மட்டும் அனுப்புங்க. தலைப்பு வச்சாச்சு."

"கருத்து எடுக்க முந்தியே தலைப்பா, சேர்?"

"தோட்டம் ஒரே அணியில. வேற என்ன இருக்கு?"

கல்யாணத்துக்கு முந்தியே பிள்ளைக்குப் பேர் வைக்கிற ஆட்கள் என்று நான் முணுமுணுத்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

வெட்டிய பாலை வாளிகளில் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனோம். வரிசையில் முதலாவதாக நின்ற அக்கா, முப்பது வருடமாகப் பால் வெட்டுகிறவர், என் மனைவியைப் 'பேப்பர் தங்கச்சி' என்று கூப்பிடுகிறவர். அவர் சட்டையிலிருந்த அண்ணனின் மூக்கில் ஏற்கெனவே ஒரு சொட்டுப் பால் விழுந்து காய்ந்திருந்தது. இவள் போனில் பதிவை அழுத்திவிட்டு, ஏன் எல்லோரும் ஒரே சட்டை என்று அவரிடம் கேட்டாள்.

"எல்லாரும் தலைவர் சட்டையத்தான் போட்டிருக்கோம். பால் கறைக்கு இதவிட என்ன வேணும்? ஓட்டு யாருக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும், அத நீங்க கேக்கப்படாது."

கொட்டகையே சிரித்தது. வண்டியடியில் நின்ற நானும் சிரித்தேன். அந்த அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு இவளுக்குப் பக்கத்தில் வந்தார்.

"எங்கள ஒரு கட்சிக்காரங்கன்னு பேப்பர்ல போட்டுறாதீங்க தங்கச்சி. மத்தவன் ஜெயிச்சான்னா எங்களுக்குத் தண்ணி வராது. நாங்க கீழ சிங்கள ஆளுங்க கடேயில சாமான் வாங்கணும். எங்க புள்ளைங்க அவங்க புள்ளைங்களோட ஒரே பஸ்ல போகணும்."

போட மாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாள். அங்கேயே, என் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து, அந்த அக்கா சொன்ன மூன்று வாக்கியத்தையும், சட்டை எதற்கென்ற விளக்கத்தையும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம் வந்தது. 'தோட்டம் ஒரே அணியில்!' கீழே, தொழிலாளி ஒருவர் எங்கள் பகுதி நிருபரிடம் கூறியதாக ஒரே ஒரு வரி: எல்லாரும் தலைவர் சட்டையத்தான் போட்டிருக்கோம். அத்தோடு முற்றுப்புள்ளி. பால் கறையும் இல்லை, ஓட்டும் இல்லை. எங்கள் பகுதியில் அந்தப் பத்திரிகைக்கு நிருபர் ஒருத்திதான் என்பது குழந்தைக்கும் தெரியும்.

அண்ணன் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் பக்கத்தின் போட்டோ கொப்பி ஒரு கட்டு. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. இவள் பழத்தை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தான், அந்த அக்கா சொன்னதுல பாதிதான் வந்திருக்கு."

"பாதி வந்தா என்ன? அந்தப் பாதி உண்மதானே?"

"மத்தத வெட்டுனா அது அவங்க சொன்னதே இல்ல அத்தான்."

அண்ணன் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நம்மள பத்தி இந்தப் பேப்பர்காரனுங்க என்னைக்கும்மா எழுதியிருக்கானுங்க? அட்டை கடிச்சா எழுதுவான், லயம் எரிஞ்சா எழுதுவான். நம்ம ஆளு ஒருத்தன் ஜெயிக்கப் போறான்னு இன்னைக்குத்தான் எழுதியிருக்கான். அதையும் நீ கெடுக்கணுமா?"

அண்ணன் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. எனக்கு அன்றைக்கு அண்ணன் சொன்னதுதான் சரியென்று பட்டது, வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீங்க ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசதான் அத்தான். என் ஓட்டும் உங்களுக்குத்தான். ஆனா அவங்க ஓட்ட நான் எழுதிக் குடுக்க முடியாது. அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அண்ணன் எழுந்து போய்விட்டார். அவள் பத்திரிகைக்குப் போன் போட்டாள். இடம் போதவில்லை, எடிட்டிங்கில் போயிருக்கும், இது ஒரு விஷயமா என்றார்கள். "அவங்க சொன்னத முழுசா போடுங்க, சேர். போடுற வரைக்கும் நான் ஒண்ணும் அனுப்ப மாட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. வீட்டில் மீனுக்குப் புளி கூடிவிட்டது என்று நான் சொன்னால் உயருகிற குரல், அங்கே உயரவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களைச் சவாரி ஏற்றியிருக்கிறேன், யாரையும் பார்த்து எனக்கு அப்படிப் பெருமையாக இருந்ததில்லை. அண்ணன் பக்கம் நின்றுகொண்டே பெருமைப்பட்டேன், என்ன செய்வது!

மறுநாள் பால் நிறுக்கும் நேரத்துக்குத் திரும்பவும் அந்தக் கொட்டகை. அண்ணன் அங்கே நின்று போட்டோ கொப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் அதை மடித்து வைத்துக்கொண்டு, இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்கள். அந்த அக்கா பார்க்காத மாதிரி வாளியைக் கழுவினார்.

இவள் நேராக நடுவில் போய் நின்றாள். "அக்கா சொன்னது இதில்ல. நான் அனுப்புனதும் இதில்ல. கேளுங்க" என்று சொல்லிப் போனிலிருந்த பதிவைப் போட்டாள். சத்தம் காணாதென்று என் வண்டியின் புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்தேன். முந்தாநாள் சொன்ன மூன்று வாக்கியமும், அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பும் கொட்டகை முழுக்கக் கேட்டது. "வெட்டுனது அவங்கதான். ஆனா என்னை நம்பித்தான் நீங்க பேசுனீங்க, அதனால நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

அண்ணன் கையில் மிச்சக் கட்டோடு நின்றார். அவமானம்தான். ஆனாலும் தலைவரல்லவா, சமாளித்துக்கொண்டு அந்த அக்காவிடம் கேட்டார்: "அப்ப எனக்குப் போட மாட்டியா?"

"போடுவேன்னும் சொல்ல மாட்டேன், மாட்டேன்னும் சொல்ல மாட்டேன் தலைவரே. சட்டை நல்லா இருக்கு."

பிறகு இவளிடம் திரும்பி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு இவள் கையைப் பிடித்தார். "எழுதிக்கிட்டுப் போறவங்க நெறைய வந்திருக்காங்க தங்கச்சி. திரும்பி வந்தது நீங்க மட்டுந்தான்."

அந்தச் சிங்களப் பக்கத்திலும் இவள் தன் பெயரிலேயே, சிங்களத்தில், அக்கா சொன்னதை முழுவதுமாக எழுதினாள். கொஞ்சப் பேர் திட்டினார்கள். ருவான்வெல்லைப் பக்கம் சொந்தமாக ரப்பர் வைத்திருக்கும் ஒரு சிங்கள ஐயா, வேறொரு கட்சியின் சட்டையில் தான் பால் வெட்டும் படத்தைக் கீழே போட்டு, பாலுக்குக் கட்சி கிடையாது என்று எழுதினார். அதைக் காலையிலும் மாலையிலும் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். பத்திரிகையும் கடைசியில் ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்தில், அந்த மூன்று வாக்கியத்தைப் போட்டது. அண்ணன் மட்டும் இவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டு வாசலால் போகும்போது எனக்கு மட்டும் கை காட்டுவார்.

தேர்தலில் அண்ணன் தோற்றுவிட்டார்.

அண்ணனோடு திரிந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு கழுத்தறுத்துவிட்டார்கள் என்று பால் வெட்டுகிறவர்களைக் கடை கடையாகப் போய்த் திட்டினார்கள். ஒரு லயத்துக் கதவில் கல்லும் விழுந்தது. பத்திரிகையிலிருந்து போன் வந்தது. 'தலைவருக்குத் துரோகம் செய்த தோட்டம்' என்று இந்தத் தடவையும் தலைப்பு தயார். "தோத்தவருகிட்டக் கேக்காம எழுத மாட்டேன், சேர்" என்று சொல்லிவிட்டு இவள் என்னைப் பார்த்தாள். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அண்ணன் அந்தத் தலைப்பை ஆமோதித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த கல் அந்த அக்கா வீட்டில் விழும்.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. இவள் உட்காரவில்லை.

"வேட்பாளரா உங்க கருத்து வேணும் அத்தான். துரோகம் செஞ்சுட்டாங்கன்னு சொல்றாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன், பேசாதிருந்த அத்தனை நாளுக்கும் சேர்த்து, இவள் முகத்தைப் பார்த்தார்.

"ஜனங்க யாருக்குப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டேன். அது அவங்க ஓட்டு. எவனாச்சும் அவங்க வீட்டுல கல்லு அடிச்சான்னா, அவன் என் ஆளு இல்ல. எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தான்."

"வெட்டாம போடச் சொல்லு."